செய்யாத குற்றத்தை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்கிறான்?

கேள்வி (சட்ட மாணவி): அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றத் தண்டனைகளில் 97 சதவீதம் விசாரணையே இல்லாமல், குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றமே 2012இல் குறிப்பிட்டிருக்கிறது. இத்தனை பேரும் நிஜமாகவே குற்றவாளிகளா?

பதில் (வாசகர்): எல்லா வழக்கையும் முழுதாக விசாரித்தால் எந்த நீதிமன்றமும் தாங்காது. ஒப்புக்கொண்டவனுக்குத் தண்டனையில் கொஞ்சம் சலுகை கொடுக்கும் இந்தக் குற்ற ஒப்புதல் பேரத்தில் (plea bargaining) என்ன தப்பு? பாதிக்கப்பட்டவரும் கூண்டேறி எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

பதில் (குற்றவியல் வழக்கறிஞர்): சலுகையா, மிரட்டலா? கெண்டக்கியில் ஹேய்ஸ் என்பவர் 88 டாலர் 30 சென்ட் போலிக் காசோலை வழக்கில் மாட்டினார். அதற்குச் சட்டப்படி 2 முதல் 10 ஆண்டுதான். ஒப்புக்கொண்டால் 5 ஆண்டு கேட்கிறேன், மறுத்தால் பழைய தண்டனைகளைக் காட்டித் தொடர் குற்றவாளி என்று சேர்த்துவிடுவேன் என்றார் அரசு வழக்கறிஞர். ஹேய்ஸ் மறுத்தார். ஆயுள் தண்டனை! 1978இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அது செல்லும் என்றது. ஒரு பக்கம் 5 ஆண்டு, மறுபக்கம் ஆயுள் என்றால் நிரபராதிகூடக் கணக்குப் போடத்தான் செய்வான். ஜாமீன் கிடைக்காமல் உள்ளே கிடப்பவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாணவி: நம் நாட்டிலும் இப்படித்தானா சார்?

வழக்கறிஞர்: இல்லைம்மா. இங்கே இந்தப் பேரம் 2006இல் வந்தது, இப்போது குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸில் 289 முதல் 300 வரையான பிரிவுகளில் இருக்கிறது. 7 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கும் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர்தான் மனுப் போட வேண்டும். தானாக முன்வந்தாரா என்று நீதிபதி அவரைத் தனியாக விசாரிப்பார். பேச்சுவார்த்தையில் பாதிக்கப்பட்டவரும் உட்காருவார். அமெரிக்க ஏற்பாட்டைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் என் கட்சிக்காரர்கள் இதைச் சீண்டுவதில்லை. தண்டனை குறைந்தாலும் தண்டிக்கப்பட்டவன் என்ற பெயர் நிற்கும், அரசு வேலைக்கு வேட்டு. வழக்கமான மேல்முறையீடும் இல்லை. இரு தரப்பும் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம்தரும் குற்றமென்றால் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் முடித்துக்கொண்டு, விடுதலை பெற்றவராகவே வெளியே போகலாமே.

புதுச் சட்டத்தில் எனக்குப் பிடிக்காதது, நீதிமன்றம் குற்றச்சாட்டை முறைப்படி வகுத்த 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடு. ஒரு சாட்சிகூடக் கூண்டேறாத நிலையில், வழக்கு நிற்குமா விழுமா என்று கட்சிக்காரருக்கு எதை வைத்துச் சொல்வது?