போட்டித் தளங்கள் ஒன்றையொன்று பின்பற்றுவதைக் குறிக்க ஒரு சொல்: ‘உறழாக்கம்’

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

திறன்பேசி இயங்குதளங்களுள் ஒன்று கொண்டுவந்ததை மற்றொன்று எடுத்துக்கொள்வதைக் குறிக்க ‘நகலாக்கம்’, ‘போலச்செய்தல்’, ‘தழுவல்’ என்னும் மூன்று சொற்களை நண்பர்கள் இந்த இழையில் முன்வைத்துள்ளனர். மூன்றும் வழக்கில் உள்ள நல்ல சொற்களே. ஆயினும், ஒருவர் மூலத்தைப் படைத்தார், மற்றவர் அதைப் பார்த்துச் செய்தார் என்ற ஒருவழிப் பாதையையே அவை காட்டுகின்றன. கூகுளின் ஆண்ட்ராய்டுக்கும் ஆப்பிள் ஐபோனின் ஐஓஎஸ்ஸுக்கும் இடையில் நடந்துவருவது அப்படிப்பட்டதன்று என்பதால், வேறொரு சொல்லை முன்மொழிய விரும்புகிறேன்.

அறிவிப்புகளை எடுத்துக்கொள்வோம். ஐபோனின் தொடக்க ஆண்டுகளில் குறுஞ்செய்தி வந்தால் திரையின் நடுவே ஒரு பெட்டி தோன்றி, செய்துகொண்டிருந்த வேலையை மறிக்கும். 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு பேசியோ, திரையின் மேல் விளிம்பிலிருந்து கீழே இழுத்துப் பார்க்கும் பட்டியலில் அறிவிப்புகளைத் தொகுத்து வைத்தது. 2011இல் ஐஓஎஸ் 5 அதே இழுவைப் பட்டியலைக் கொண்டுவந்தது. இதை மட்டும் பார்ப்பவர் ஆப்பிளே பின்பற்றியது என்பார். ஆனால் அந்த ஆண்ட்ராய்டே, 2007 சனவரியில் ஐபோன் அறிவிக்கப்படும்வரை, பொத்தான் விசைப்பலகை கொண்ட பேசியை முன்னிறுத்தி உருவாக்கப்பட்டுவந்தது. அந்த அறிவிப்புக்குப் பிறகே தொடுதிரைக்கு முதலிடம் தரப்பட்டது. யார் முதலில் செய்தவர், யார் பின்பற்றியவர் என்ற கேள்விக்கு எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

இதைவிடச் சிக்கலானது பாம் நிறுவனத்தின் திறன்பேசி இயங்குதளமான வெப்ஓஎஸ்ஸின் கதை. 2009 சூனில் வந்த பாம் ப்ரீ பேசியில், இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயலியும் ஓர் அட்டையாகத் தோன்றியது. அட்டையை விரலால் மேல்நோக்கித் தள்ளினால் செயலி மூடிக்கொண்டது. பாமை 2010இல் வாங்கிய எச்பி நிறுவனம், 2011 ஆகஸ்டில் வெப்ஓஎஸ் கருவிகளின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அந்த இடைமுகத்தின் வடிவமைப்பை முன்னின்று நடத்திய மத்தியாஸ் துவார்த்தே 2010லேயே கூகுளுக்குச் சென்றிருந்தார். அவர் பொறுப்பில் 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0, அண்மையில் பயன்படுத்திய செயலிகளைச் சிறுபடங்களாகக் காட்டியது. 2013இல் ஐஓஎஸ் 7 செயலிகளை அட்டைகளாக அடுக்கி, மேல்நோக்கித் தள்ளி மூடச் செய்தது. 2017இல் ஐபோன் எக்ஸ் முகப்புப் பொத்தானையே நீக்கி, அடிவிளிம்பிலிருந்து மேலே இழுக்கும் சைகையை வைத்தது. 2018இல் ஆண்ட்ராய்டு 9 அதை அரைகுறையாகவும், 2019இல் ஆண்ட்ராய்டு 10 முழுமையாகவும் ஏற்றன. கருத்தை உருவாக்கியவரே அடுத்த நிறுவனத்தில் அமர்ந்து அதை வளர்க்கும்போது அதை நகல் என்பது பொருந்தாது. முதலில் செய்த தளம் திறன்பேசிச் சந்தையில் இல்லாமலே போய், அதன் சைகை மட்டும் இரண்டு போட்டியாளர்களிடமும் நிலைத்துவிட்டதைத் ‘தழுவல்’ என்ற சொல் தாங்கவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பின்பற்றப்படுவது எப்போதும் ஒரு வசதியாக இருப்பதில்லை. ஆண்ட்ராய்டு 6.0 வெளிவந்த 2015வரை, செயலியை நிறுவும்போதே எல்லா அனுமதிகளையும் மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. தேவைப்படும் நேரத்தில் கேட்கும் முறை ஐஓஎஸ்ஸில் முன்பே இருந்தது. இங்கே இடம்பெயர்ந்தது பயனரை நடத்தும் நெறி. எதிர்த்திசையில், பிறர் உருவாக்கும் விசைப்பலகைகளை ஆண்ட்ராய்டு 2009இலேயே அனுமதிக்க, ஐஓஎஸ் 2014வரை அனுமதிக்கவில்லை. தமிழ் விசைப்பலகைச் செயலிகளை எழுதியோர் இந்த ஐந்தாண்டு இடைவெளியை நன்கு அறிவர். நீக்கமும் பின்பற்றப்படுகிறது. 2016இல் ஐபோன் 7இலிருந்து காதணிக் கேட்பியைச் (இயர்போன்) செருகும் துளை நீக்கப்பட்டபோது அதைத் தன் விளம்பரங்களில் குத்திக்காட்டிய, ஆண்ட்ராய்டு பேசிகளைச் செய்யும் சாம்சங், 2019இல் தன் நோட் 10 பேசியிலிருந்து அத்துளையை நீக்கியது. இல்லாமல் செய்வதை எவ்வாறு தழுவுவது?

‘நகல்’ என்ற சொல்லுக்கு வேறொரு குறையும் உண்டு. அது தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. ஆப்பிள் 2011 ஏப்ரலில் சாம்சங் மீது தொடுத்த வழக்கில், 2012 ஆகஸ்டில் அமெரிக்க நடுவர் குழு நூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பீட்டை விதித்தது. அத்தொகை பின்னர் பலமுறை மாறி, 2018இல் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. திரையைப் பக்கவாட்டில் நகர்த்திப் பூட்டைத் திறக்கும் முறைக்கான ஆப்பிளின் காப்புரிமையைச் சாம்சங் மீறியதாக அமெரிக்காவில் மற்றொரு வழக்கில் முடிவானது. செருமனியின் உச்ச நீதிமன்றமோ, சுவீடனின் நியோநோடு பேசியில் அத்தகைய முறை முன்பே இருந்ததைக் கருத்தில் கொண்டு, அதே காப்புரிமையை 2015இல் செல்லாததாக்கியது. நாடுகளுக்கு நாடு மன்றங்களே வேறுபடும் ஒரு பொருளில், ‘நகலெடுத்தது’ என்று எழுதும் செய்தியாளர் தம்மை அறியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். சாயாத சொல் ஒன்று நமக்கு வேண்டும்.

நான் முன்மொழிவது ‘உறழாக்கம்’. ‘உறழ்தல்’ என்பதற்கு ஒத்திருத்தல் என்றும் மாறுபட்டு எதிர்நிற்றல் என்றும் நம் அகராதிகள் பொருள் தருகின்றன. தொல்காப்பியம் ‘உறழ’ என்பதை உவம உருபுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. அந்நூலின் செய்யுளியல் கூறும் கலிப்பா வகைகளுள் உறழ்கலி என்று ஒன்று உண்டு. ஒருவர் கூற்றும் அதற்கு மற்றவர் தரும் மாற்றமும் இடையிடையே பின்னி வந்து, முடித்துவைக்கும் சுரிதகம் இல்லாமல் அமைவது அதன் இலக்கணம். ஒப்பும் போட்டியும் ஒரே வேரில் நிற்க, கூற்றுக்கு மாற்றமாகத் தொடர்ந்து செல்லும் இயல்பும் அதே வேரில் கிடைப்பது அரிது. மூலம், நகல் என்ற மேல்கீழ் வரிசையும் இதில் இல்லை.

எதிர்ப்புகளையும் எண்ணிப் பார்த்தேன். ‘கல் குறிது’ என்று இயல்பாகவும் ‘கற்குறிது’ என்று திரிந்தும் வருவதை இலக்கணத்தில் உறழ்ச்சி என்கிறோம்; அதனோடு குழப்பம் வரக்கூடும் என்பதால்தான் ‘உறழ்ச்சி’, ‘உறழ்வு’ ஆகியவற்றை விட்டு ‘ஆக்கம்’ சேர்த்தேன். வேண்டுமென்றே செய்யப்படும் செயல் இது என்பதும் அதனால் தெளிவாகிறது. பழஞ்சொல், மக்களுக்குப் புரியாது என்பது வலுவான எதிர்ப்பே. இது பயனரின் திரையில் தோன்ற வேண்டிய சொல்லாக இருந்தால் நானே இதை முன்மொழிந்திருக்க மாட்டேன். கட்டுரைகளிலும் பாடநூல்களிலும் வழக்குகள் பற்றிய செய்திகளிலும் வரவிருக்கும் சொல்லுக்கு முதல்முறை ஒரு விளக்கம் கொடுத்தால் போதும். ‘காப்புரிமை’யும் அவ்வாறு பழகியதே.

எல்லையையும் குறித்துவிட வேண்டும். ஒரு நிறுவனத்தின் பெயரையும் தோற்றத்தையும் பூண்டு ஏமாற்றும் பேசி ‘போலி’தான், அதை உறழாக்கம் என்று மென்மையாக்கக் கூடாது. சிறு செயலி ஒன்று செய்துவந்ததைத் தளத்தின் உரிமையாளரே தளத்துக்குள் சேர்த்துக்கொள்வதும் இதில் அடங்காது. இரவில் திரையின் நீல ஒளியைக் குறைக்கும் எஃப்.லக்ஸ், கணினிகளில் முன்பே பரவியிருந்தது. அதை ஐபோனில் நிறுவ அதன் ஆக்கியோர் 2015இல் கண்ட வழியை ஆப்பிள் தடுத்தது. 2016இல் ஐஓஎஸ் 9.3 அதையொத்த வசதியைத் தானே கொண்டுவந்தது. வாயிலைக் காப்பவருக்கும் வாயிலில் நிற்பவருக்கும் இடையில் உறழ்தல் இல்லை, ஏனெனில் உறழ்வதற்கு இருவரும் எதிரெதிரே நிற்கும் வலிமை பெற்றிருக்க வேண்டும். அந்தச் செயலுக்கு ‘உட்கவர்வு’ என்பது பொருந்துமா என்பதைத் தனி இழையில் பேசலாம்.

சொல்லின் பிற வடிவங்கள் இவ்வாறு அமையும்: “ஐஓஎஸ் 5, ஆண்ட்ராய்டின் அறிவிப்புப் பட்டியலை உறழாக்கியது”, “சைகை வழிச் செலுத்தம் மூன்று தளங்களின் உறழாக்கத்தில் முதிர்ந்தது”, “உறழாக்கமா, காப்புரிமை மீறலா என்பதே வழக்கின் மையம்.” கடைசித் தொடரில் ‘நகல்’ என்பதையோ ‘தழுவல்’ என்பதையோ இட்டுப் பார்க்குமாறு அவற்றை முன்மொழிந்த நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே அவற்றுள் ஒன்று பொருந்துமென்று காட்டினால் என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன்.