விவாதப் போட்டிக்குக் கேட்கிறேன்: எந்த அனர்த்தம் ஆகக் கொடியது?

வெள்ளவத்தை அம்மா:
மகள் தரம் 10. வாற கிழமை பாடசாலையில் விவாதப் போட்டி. தலைப்பு, 'இயற்கை அனர்த்தங்களில் ஆகக் கொடியது சுனாமியே'. இவளுக்கு விழுந்தது மறுத்துப் பேசும் அணி. 2004இல் முப்பதாயிரத்துக்கு மேல் சனத்தைக் கடல் கொண்டுபோன நாட்டில் நின்றுகொண்டு என்னத்தை மறுக்கிறது? பூமியதிர்ச்சியைப் பிடிப்பம் என்கிறாள். தம்பிக்காரன் எரிமலை என்கிறான், அவனுக்கு யூடியூப் ஞானம். உங்கட வோட் எதுக்கு? காரணத்தோட சொல்லுங்கோ.

களனிக்கரை:
வெள்ளம்தான். சுனாமி எங்கட காலத்தில ஒருக்கா வந்தது. களனி கங்கை சொல்லிச் சொல்லி வருது. நான் வெல்லம்பிட்டி. மலைநாட்டில ரெண்டு நாள் மழை என்றால் நாகலகம் வீதி அளவுகோலில ஆத்து நீர்மட்டம் எத்தனை அடி என்று போனையே பார்த்துக்கொண்டிருப்பம். 2016 மே மாதம் கீழ்வீட்டில நெஞ்சளவு தண்ணி. தண்ணி வடிஞ்ச பிறகுதான் உண்மையான அனர்த்தம்: சேறு, நாத்தம், கிணறு இறைக்கிறது, எலிக்காய்ச்சல் பயம். அலுமாரி, ஃப்ரிட்ஜ், மெத்தை எல்லாம் ரோட்டில. ஆள் சாகாது, சேமிச்சது சாகும்.

கல்லடிப் பெடியன்:
1978 நவம்பர் 23, மட்டக்களப்புச் சூறாவளி. நான் பிறக்கேல்ல, அம்மம்மா சொல்லித்தான் தெரியும். விடியப் பார்த்தால் ஒரு தென்னை நிமிர்ந்து நிக்கேல்லையாம். என்ட வோட் சூறாவளிக்கு.

அப்புத்தளைக்காரன்:
தங்கச்சி, நான் முப்பது வருஷத்துக்கு மேல புவியியல் படிப்பிச்சவன், இப்ப தெஹிவளையில மகன் வீட்டுல இருக்கேன். மகளுக்கு நான் எடுத்துக் கொடுக்கிறது வறட்சி. கேட்டதும் சப்பென்று இருக்கும், தெரியும். வறட்சிக்கு அலையும் இல்ல, சத்தமும் இல்ல, டிவியில காட்ட எதுவும் இல்ல. ஆனா கணக்கைப் பாருங்க.

2004 சுனாமியில பதினான்கு நாடுகளிலும் சேர்த்து இறந்தவங்க ஏறக்குறைய 2,30,000 பேர். 1876இல் சென்னை மாகாணத்துல பருவமழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம்ம கிழவிகள் சொல்வாங்களே, அதுதான். 1878க்குள்ள இந்தியாவில செத்தவங்க அரை கோடிக்கு மேல. பசிபிக் சமுத்திரம் சூடாகிற எல் நினோதான் மழையைக் கெடுத்தது. ஆனா அதே காலத்துல இந்தியாவில இருந்து தானியம் கப்பல் ஏறிக்கிட்டுத்தான் இருந்தது. நிவாரண வேலைக்குப் போனவனுக்கு நாளுக்கு ஒரு இறாத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும். அதுக்குப் பேர் நிவாரணம்! அந்தப் பசிக்குத் தப்பி மன்னார் வழியா நடந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்தவங்க எத்தனையோ பேர். எங்க குடும்பமும் அப்படி வந்ததுதான் என்று தாத்தா சொல்லுவார். அவங்களோட பேரப்பிள்ளைகள் வாழ்ந்த லயத்து மேலதான், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள் மேலதான், 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்த மீரியபெத்தையில மலை சரிஞ்சது. இடம் ஆபத்து என்று 2005லயும் 2011லயும் சொல்லியாச்சு. லயத்தை விட்டால் போக அந்தச் சனத்துக்கு ஒரு துண்டுக் காணி இருந்ததா?

மகனோட எரிமலையையும் தள்ளிவிடாதீங்க, அது நமக்குச் சாட்சி. 1815இல் இந்தோனேசியாவில தம்போரா வெடிச்சது. நெருப்பில செத்ததைவிடப் பிறகு பட்டினியிலயும் நோயிலயும் செத்ததுதான் அதிகம். அடுத்த வருஷம் ஐரோப்பாவிலயே கோடை வரல்ல, பயிர் விளையல்ல.

களனிக்கரைத் தம்பி சொன்னது நூறு வீதம் சரி, ஆனா விவாத மேடையில பிணக்கணக்குத்தான் எடுபடும்.

வெள்ளவத்தை அம்மா:
ஐயா, மெத்தப் பெரிய உதவி. மகள் ஒண்டு கேட்கிறாள். எதிரணி எழும்பி, "பஞ்சம் மனுசன் செய்தது, அது இயற்கை அனர்த்தமே இல்லை" என்றால்?

அப்புத்தளைக்காரன்:
கட்டாயம் கேட்பாங்க. கேட்கட்டும், அதுக்குத்தான் காத்திருக்கணும். அப்போ சுனாமியையும் அதே தராசுல வைக்கச் சொல்லுங்க. சுமாத்ராவில நிலம் அதிர்ந்து அலை நம்ம கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ ரெண்டு மணித்தியாலம். சொல்ல ஒரு எச்சரிக்கை முறை இந்து சமுத்திரத்துல இருக்கல்ல. தென்மேற்குக் கரையில பெரலியவில முதல் அலையில நின்ற ரயிலுக்குள்ள, தப்பலாம் என்று ஏறின ஊர்ச்சனமும் சேர்ந்து ஆயிரத்துக்கு மேல போச்சு. அது கடல் மட்டும் செய்த வேலையா?

2010ஐயும் எடுத்துக்கொள்ளட்டும். ஹெயிட்டியில 7.0 அளவுப் பூமியதிர்ச்சி, ஒரு லட்சத்துக்கு மேல சாவு. அடுத்த மாசமே சிலியில 8.8. கிட்டத்தட்ட 500 மடங்கு சக்தி, சாவு ஐந்நூறு சொச்சம். சிலியில கட்டடச் சட்டம் இருந்தது, அதன்படி கட்டவும் செய்தாங்க.

கல்லடித் தம்பிக்கும் ஒன்று: வங்காளக் கரையில 1970 சூறாவளி மூன்று லட்சம் பேரையாவது கொன்றது. 2007 சித்ர் சூறாவளியில மூவாயிரத்துச் சொச்சம். புகலிடம் கட்டி, சைக்கிள்ல மெகாபோன் பிடிச்சு ஊர் ஊராச் சொல்ல ஆள் வச்சதன் பலன்.

கல்லடிப் பெடியன்:
அப்ப என்ட வோட்டை வாபஸ் வாங்கோணுமோ, சேர்?

அப்புத்தளைக்காரன்:
வேண்டாம், வச்சிருங்க. 2025 நவம்பர்லதானே டித்வா சூறாவளி வந்து நம்ம நாட்டுல அறுநூறுக்கு மேல உயிர் போனது? அதுவும் கூடுதலா மலையில, மண்சரிவுல.

தங்கச்சி, மகளுக்கு எத்தனை நிமிஷம்? நாலு என்றால் தம்போராவை விட்டுட்டு, ஹெயிட்டியில தொடங்கச் சொல்லுங்க.