மிச்சிகன் டவுன்ஷிப்: அளவைக் கட்டமா, உள்ளாட்சியா?

கேள்வி

வணக்கம். மிச்சிகன் மாநிலத்தில் உறவினர் ஒருவர் வாங்கவிருக்கும் பண்ணை நிலத்தின் பத்திரங்களைப் படித்து வருகிறேன். பத்திரத்தில் அந்நிலம் ‘டவுன்ஷிப் 2 வடக்கு, ரேஞ்ச் 3 கிழக்கு, செக்‌ஷன் 16’ என்று எண்களால் மட்டுமே குறிக்கப்பட்டுள்ளது. வரி ரசீதிலோ பெயருள்ள ஒரு டவுன்ஷிப் இருக்கிறது; அஞ்சல் முகவரியில் வேறோர் ஊர் இருக்கிறது. இவற்றுள் எது அரசு? பழுதான மண் சாலையைப் பற்றி யாரிடம் முறையிடுவது?

மறுமொழி 1

பத்திரத்தில் இருப்பது அளவைக் கட்டம், அதாவது நிலத்தை அளந்து பிரித்த சதுரம். அதற்கு அலுவலகமும் இல்லை, தேர்தலும் இல்லை. 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம், விற்பனைக்கு வரவிருந்த நிலங்களைப் பக்கத்துக்கு 6 மைல் கொண்ட சதுரங்களாகவும், ஒவ்வொரு சதுரத்தையும் 640 ஏக்கர் கொண்ட 36 செக்‌ஷன்களாகவும் பிரிக்கச் சொன்னது. மிச்சிகனில் கிழக்கு மேற்காகச் செல்லும் அடிக்கோட்டிலிருந்து (டெட்ராய்ட்டின் வடக்கு எல்லையான எட்டு மைல் சாலை அக்கோட்டின் மீதுதான் செல்கிறது) வடக்கே இரண்டாம் வரிசையும், வடக்கு தெற்காகச் செல்லும் முதன்மை நெடுங்கோட்டிலிருந்து கிழக்கே மூன்றாம் வரிசையும் சந்திக்கும் சதுரத்தையே உங்கள் பத்திரம் குறிக்கிறது. அதாவது, அந்நிலம் அடிக்கோட்டிலிருந்து 6 முதல் 12 மைலுக்குள்ளும், நெடுங்கோட்டிலிருந்து 12 முதல் 18 மைலுக்குள்ளும் அமைந்திருக்கிறது.

செக்‌ஷன் எண்கள் வடகிழக்கு மூலையில் 1 எனத் தொடங்கி மேற்கே 6 வரை சென்று, அடுத்த வரிசையில் கிழக்கு நோக்கித் திரும்பும். ஏர் உழுது திரும்புவதைப் போன்ற ஒழுங்கு இது. அவ்வொழுங்கில் 16ஆம் செக்‌ஷன் சதுரத்தின் நடுப்புள்ளியைத் தொட்டு நிற்கும். பொதுப் பள்ளிகளுக்கென்று 1785ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியதும் அந்த எண்ணையே என்பதால், உங்கள் பத்திரத் தொடரின் தொடக்கத்தில் மாநில அரசு விற்பனையாளராக இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

மறுமொழி 2

வரி ரசீதில் இருப்பதே அரசு. மிச்சிகனில் பல டவுன்ஷிப்கள் அளவைச் சதுரத்தின் எல்லையையே தம் எல்லையாகக் கொண்டிருப்பதால் இந்தக் குழப்பம் எளிதில் நேர்கிறது. இந்த உள்ளாட்சியை உண்டாக்குவதும் அதற்கு அதிகாரம் அளிப்பதும் மாநிலச் சட்டம். சூப்பர்வைசர், கிளார்க், பொருளாளர், டிரஸ்டிகள் ஆகியோர் அடங்கிய ஐவர் அல்லது எழுவர் குழுவை மக்கள் நான்காண்டுகளுக்கு ஒருமுறை, அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டில் தேர்ந்தெடுக்கிறார்கள். கிளார்க் தேர்தலை நடத்துகிறார். பொருளாளர் டவுன்ஷிப்பின் வரியோடு கவுண்டிக்கும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பள்ளிகளுக்கும் உரிய சொத்து வரியையும் வசூலித்துப் பிரித்து அனுப்புகிறார். பெரிய அலுவலகமே இல்லாத இடங்களிலும் இப்பணி தவறாமல் நடக்கிறது என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

சாலைக்கு மட்டும் டவுன்ஷிப்பை நாட வேண்டாம். 1931ஆம் ஆண்டின் மெக்நிட் சட்டத்துக்குப் பிறகு கிராமச் சாலைகள் கவுண்டியின் பொறுப்பாகிவிட்டன. பக்கத்து மாநிலமான ஒகையோவில் டவுன்ஷிப்களே தம் சாலைகளைப் பராமரிக்கின்றன. ஆகவே அம்மாநிலத்தைப் பற்றிய விளக்கங்களை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அஞ்சல் முகவரியில் உள்ள ஊர் தனி மன்றம் கொண்ட ஒரு வில்லேஜ் என்று அறிகிறேன். அதற்கும் வரி செலுத்த வேண்டுமா?

மறுமொழி 3

அஞ்சல் முகவரியில் வருவது கடிதங்களைப் பிரித்தனுப்பும் அஞ்சலகத்தின் ஊர்ப்பெயர். அதனால் எந்த ஆட்சி எல்லையும் மாறாது. நிலம் வில்லேஜ் எல்லைக்குள் இருந்தால் மட்டுமே இரு உள்ளாட்சிகளுக்கும் வரி உண்டு; அங்கே வசிக்கும் வாக்காளருக்கு இரண்டிலும் வாக்கும் உண்டு. ஏனெனில் மிச்சிகனில் வில்லேஜ் டவுன்ஷிப்பின் ஒரு பகுதியாகவே நீடிக்கிறது. சிட்டி அவ்வாறன்று. அது டவுன்ஷிப்பிலிருந்து முற்றிலும் பிரிந்துவிடுவதால்தான் சில டவுன்ஷிப்களின் வரைபடங்கள் மூலை வெட்டப்பட்ட சதுரங்களாகத் தெரிகின்றன. வாங்குவதற்கு முன்பு, ரசீதில் உள்ள நில எண்ணை டவுன்ஷிப் மதிப்பீட்டாளரிடம் காட்டி, எந்தெந்த அமைப்புகள் அந்நிலத்தின்மீது வரி விதிக்கின்றன என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.