ரயிலில் படிக்க டேப்லெட்டா, கிண்டிலா?

திருநகர்க்காரன்:
வேலை விஷயமாக மதுரையிலிருந்து அடிக்கடி சென்னை போய் வருகிறேன். பகல் என்றால் வைகை எக்ஸ்பிரஸ், இரவு என்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸ், நடுவில் தேனி, ராஜபாளையம் என்று பஸ் அலைச்சல் தனி. போனிலேயே படித்துப் படித்துக் கண் எரிகிறது. புத்தகம் படிப்பதற்கென்றே அமேசான் விற்கும் கிண்டில் வாங்கலாம் என்றால் வீட்டில், "அதே காசுக்கு டேப்லெட் வாங்கினால் பையனும் பாடம் பார்ப்பான், கறுப்பு வெள்ளையில் எழுத்து மட்டும் காட்டுகிற சாமானுக்கு எதற்கு இவ்வளவு?" என்கிறார்கள். கேள்வி நியாயம்தான். நான் படிப்பதில் பாதி, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் இறக்கியவை, கொஞ்சம் காசு கொடுத்து வாங்கும் நாவல்கள், மீதி தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் பழைய புத்தக ஸ்கேன்கள். பட்ஜெட் 17 ஆயிரம், இழுத்துப் பிடித்தால் 20. யூடியூப் விமர்சனம் நிறையப் பார்த்தாகிவிட்டது, ஒருவர்கூடத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து காட்டவில்லை. கையில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜன்னலோர சீட்:
கிண்டில்தான் அண்ணே, யோசிக்கவே வேண்டாம். வைகையில் வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் காலையில் போகும்போதும் வெயில் உங்கள் மேல்தான், மதியம் திரும்பும்போதும் உங்கள் மேல்தான். அந்த வெளிச்சத்தில் டேப்லெட்டைப் பிடித்தால் எழுத்துக்குப் பதில் உங்கள் முகமும் மேலே ஓடும் ஃபேனும்தான் தெரியும். கிண்டில் திரையில் பின்னாலிருந்து விளக்கு அடிப்பதில்லை, கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மின்சாரத்தில் மேலே வந்தும் கீழே போயும் எழுத்தாக நிற்கின்றன, அதனால் வெயில் ஏற ஏற இன்னும் தெளிவாகத்தான் தெரியும். பாண்டியனில் விளக்கை அணைத்த பிறகு படிக்க முன்பக்க வெளிச்சம் இருக்கிறது, எதிர் பெர்த்காரர் முணுமுணுக்க மாட்டார். கிண்டிலில் இப்போதைய பேப்பர்வைட் மாடல் 7 அங்குலம், 211 கிராம். பெரிய டேப்லெட் எல்லாம் அரை கிலோவுக்குப் பக்கத்தில் வரும், மேல் பெர்த்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு அதைப் பிடித்துப் பாருங்கள், திண்டுக்கல் வருவதற்குள் மூக்கில் விழும்.

மேலூர் மாப்பிள்ளை:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் அவர் ஸ்கேன் படிப்பேன் என்கிறாரே, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஸ்கேன் பிடிஎஃப் என்பது வெறும் படம், எழுத்தைப் பெரிதாக்க முடியாது, பக்கத்தைத்தான் பெரிதாக்க வேண்டும். 7 அங்குலத் திரையில் ஒரு பழைய பத்திரிகைப் பக்கத்தைப் பெரிதாக்கி, இடது ஓரம், வலது ஓரம் என்று நகர்த்தினால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் திரை ஒரு தரம் மின்னி நிற்கும். ஒரு பக்கம் முடிவதற்குள் பொறுமை போய்விடும். டேப்லெட்டில் இரண்டு விரலால் இழுத்தால் முடிந்தது. பையனின் பள்ளிப் புத்தக பிடிஎஃப்களும் கலரில், பெரிய பக்கத்தில்தான் வருகின்றன. என் ஓட்டு டேப்லெட்டுக்கு.

இன்னொன்று, கிண்டில் விளம்பரத்தில் "12 வாரம் சார்ஜ்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது வைஃபையை அணைத்துவிட்டு, வெளிச்சத்தை 13ல் வைத்து, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் படித்தால் வரும் கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 42 மணி நேரம்.

ஜன்னலோர சீட்:
மாப்பிள்ளை, அந்த 42 மணி நேரம் சென்னைக்குப் போய்த் திரும்பி அடுத்த தடவையும் போய் வரத் தாங்கும். டேப்லெட்டுக்குக் கம்பெனிக்காரனே சொல்வது பெரும்பாலும் 10 மணி நேரம். அதோடு பையனுக்கும் சேர்த்து வாங்கும் டேப்லெட் பையனிடம்தான் இருக்கும், அண்ணன் ரயிலில் மறுபடியும் போனைத்தான் நோண்டிக்கொண்டிருப்பார்.

பழைய புத்தகக்காரர்:
தம்பி திருநகர், கருவியைவிட உங்கள் ஃபைல் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒருங்குறியில் (யூனிகோடில்) இருக்கும் இபப் என்ற மின்னூல் கோப்பு என்றால் கிண்டிலில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிப் படிக்கலாம். ஆனால் யூஎஸ்பி ஒயரில் போட்டால் இபப் திறக்காது, அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அனுப்ப வேண்டும், அதற்கு நெட் வேண்டும், எனவே கிளம்புவதற்கு முதல் நாளே அனுப்பிவிடுங்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் 6 அங்குலத் திரைக்கென்றே தனி பிடிஎஃப் வைத்திருக்கிறார்கள், அதுவும் வசதி. மதுரைத் திட்டம் 1998ல் தொடங்கியது, ஒருங்குறி பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்களில் ஏற்றிய பழைய கோப்புகள் உங்களிடம் இருந்தால் மாற்றும்போது எழுத்து கன்னாபின்னாவென்று வரும். அவற்றை விட்டுவிட்டு ஒருங்குறிப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கேனுக்கும் ஒரு வழி உண்டு. கே2பிடிஎஃப்ஆப்ட் என்று ஓர் இலவச மென்பொருள், பக்கத்தின் படத்தை வரி வரியாக, சொல் சொல்லாக வெட்டிச் சின்னத் திரைக்குத் தக்கபடி அடுக்கிக் கொடுக்கும். அதற்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை, இடைவெளியைப் பார்த்துத்தான் வெட்டுகிறது. அங்கேதான் சிக்கலும். பழைய அச்சில் எழுத்துகள் தள்ளித் தள்ளி நின்றால் ஒரே சொல்லை இரண்டாக்கி, ஒற்றைக் கொம்பை இந்த வரியிலும் அதற்குரிய எழுத்தை அடுத்த வரியிலும் போட்டுவிடும். உரைநடை என்றால் சமாளிக்கலாம். செய்யுளும் உரையும் கலந்த பதிப்பு என்றால் பெரிய திரைதான்.

திருநகர்க்காரன்:
நன்றி சார், இது யாரும் சொல்லாத விஷயம். போனைத் திறந்து பார்த்தேன், ஸ்கேன் நிறைய இருக்கிறது, ஆனால் அதெல்லாம் தேடிப் பார்க்க வைத்திருப்பவை, வரிசையாகப் படிப்பது நாவல்தான். அப்படியானால் ஸ்கேனை வீட்டு லேப்டாப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம் போல. பேப்பர்வைட் 16,999 என்று வந்தது, ஏதாவது தள்ளுபடியில் குறைந்தால் எடுக்கிறேன். வீட்டில் எப்படிச் சொல்வது என்பது தனிப் பிரச்சினை.

பழைய புத்தகக்காரர்:
வாங்கினால் கெட்டியான மூடி உறையும் சேர்த்தே வாங்குங்கள். ரப்பர் உறை கீழே விழுந்தால் காப்பாற்றும், அழுத்தத்துக்கு உதவாது. அந்தத் திரையின் உள்ளே மெல்லிய கண்ணாடி, தேனி பஸ்ஸில் பையை மேலே திணித்து, அதற்கு மேல் இன்னொருவர் மூட்டையை வைத்தால் வெளியே கீறல்கூட இல்லாமல் பாதிப் பக்கம் கோடு கோடாக நின்றுவிடும். டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைக்காதீர்கள், பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.