ஏற்காட்டில் பாட்டுப் பதிவுக்கு ஒரு வீடு தேவை

வணக்கம். சேலத்தில் நால்வர் சேர்ந்து ராக் இசைக்குழு நடத்துகிறோம். இதுவரை ஆளுக்கொரு வீட்டில் தனித்தனியாக வாசித்து, கணினியில் ஒட்டினோம். தாளம் பிசகவில்லை, பாட்டில்தான் உயிரில்லை.

சென்ற வாரம் மின்சாரம் போனபோது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கிட்டாரும் மேசைத் தட்டலுமாக ஒரு பாட்டைச் சேர்ந்தே கட்டினோம். பல்லவி முடிவில் பாடகர் மூச்சு வாங்க, டிரம்ஸ்காரர் அரைக் கணம் காத்திருந்தார். அந்த அரைக் கணம்தான் எங்களுக்கு வேண்டும்! இந்த ஆல்பம் முழுவதையும் ஒரே கூரையின் கீழ் இயற்றி, சேர்ந்து வாசித்தே பதிவு செய்யப்போகிறோம்.

ஏற்காட்டில் பத்து நாள் வாடகைக்கு வீடு தெரியுமா? பெரிய கூடமும், டிரம்ஸ் சத்தம் பாடகரின் மைக்கில் புகாதபடி கதவடைக்கக்கூடிய பக்கத்து அறையும் வேண்டும். தகரக் கூரை வேண்டாம். ஒரு மழைக்கே பதிவு பாழாகிவிடும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் டிரம்ஸை அலுங்காமல் ஏற்றிவரும் வண்டிக்காரர் இருந்தாலும் சொல்லுங்கள்.