டாம்பா வந்து 19 நாள்தான் ஆகிறது, புயல் வருகிறது: இருப்பதா, கிளம்புவதா?

புதுவரவு (திங்கள், பகல் 12.20)

வணக்கம். நானும் மனைவியும் டாம்பாவுக்கு வந்து 19 நாள் ஆகிறது. வளைகுடாவில் இருக்கும் ஹரிக்கேன் புதன்கிழமை இரவு எங்கள் பக்கம் கரையைக் கடக்கும் என்கிறார்கள். இன்று 11 மணிக்கு ‘வாட்ச்’ (புயல் வரக்கூடும் என்ற முன்னெச்சரிக்கை) போட்டுவிட்டார்கள். இப்போது காட்டகிரி 4, கரைக்கு வரும்போது 3 ஆகக் குறையலாமாம். குறைந்தால் வீட்டிலேயே இருந்துவிடலாமா? கடையில் தண்ணீர் பாட்டில் அடுக்கும் வரிசை முழுக்கக் காலி. ஜன்னலுக்கு டேப் ஒட்டினால் போதுமா, பலகை அடிக்க வேண்டுமா? ஜெனரேட்டர் வாங்கலாமா? மனைவி காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஹூஸ்டன்காரன் (12.34)

ஜெனரேட்டர் கிடைத்தால் இன்றைக்கே வாங்கிவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். 2024 ஜூலை 8-ல் பெரில் புயல் வந்தபோது நாங்கள் ஹூஸ்டனுக்கு வந்து நான்கு மாதம். வெறும் காட்டகிரி 1 என்றார்கள். நானும் ஒரு டார்ச்லைட்டோடு நிறுத்திக்கொண்டேன். காற்று அரை நாளில் போய்விட்டது. ஆனால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. எங்கள் வீட்டுக்கு ஆறாம் நாள்தான் வந்தது. ஜூலை வெயில், ஏசி கிடையாது, இரண்டு வயதுப் பையன். ஈரத்துணியால் அவன் முதுகைத் துடைத்துக்கொண்டே விடியவிடிய உட்கார்ந்திருந்தோம். ஐந்தாம் நாள் ராத்திரி என் மனைவி ‘எதற்காக இங்கே கூட்டிக்கொண்டு வந்தீர்கள்’ என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கதவைத் திறக்காமல் வைத்திருந்தாலும் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம்தான் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளும் கராஜிலும் வைக்கவே கூடாது, வெளியே 20 அடி தள்ளி ஓட வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. புயலில் தப்பித்தவர்கள் அதற்கு அப்புறம் இதில் செத்திருக்கிறார்கள்.

மணல்மேடு (12.51)

அபார்ட்மென்ட்டில் இருந்தால் ஜெனரேட்டரை எங்கே கொண்டுபோய் வைப்பது? 20 அடி தள்ளினால் அடுத்தவர் ஜன்னல் வந்துவிடும்.

நான் சொல்வது ஒன்றுதான்: பயந்து ஓடாதீர்கள். 2022-ல் இயான் டாம்பாவுக்குத்தான் வருகிறது என்று நாலு நாள் சொன்னார்கள். நாங்கள் வந்த புதிது. கிளம்பி, தெற்கே ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் ஹோட்டல் எடுத்தோம். செப்டம்பர் 28, புயல் திரும்பி கயோ கோஸ்டாவில் மணிக்கு 150 மைல் காற்றோடு கரையேறியது. நாங்கள் தங்கியிருந்த ஊருக்குப் பக்கத்திலேயே. டாம்பாவில் பே (விரிகுடா) தண்ணீர் உள்வாங்கித் தரை தெரிந்தது, நாங்கள் விட்டுவிட்டு வந்த வீட்டில் ஒரு பூந்தொட்டிகூடச் சாயவில்லை. ஹோட்டல் குளியலறையில் மூன்று பேர் மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வீட்டிலேயே இருங்கள்.

பே_ஓரம் (பிற்பகல் 1.15)

மணல்மேடு அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்வதை அப்படியே கேட்டால் ஆபத்து.

2024 செப்டம்பர் 26, ஹெலீன். எங்களுக்கு ஏறக்குறைய 100 மைல் மேற்கே, கடலிலேயே கடந்து போனது. கரையேறியது வடக்கே, பெர்ரி பக்கத்தில். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எங்கள் தெருவில் பெரிய காற்றே இல்லை. ‘நமக்கு வராது’ என்று படுத்துவிட்டோம். இரவு கராஜிலிருந்து கார் ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. எழுந்து காலை வைத்தால் தரைவிரிப்பு பொதபொதவென்று இருந்தது. உப்புத்தண்ணீர் காரின் வயருக்குள் போயிருக்கிறது. நான் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் கணுக்கால், குழந்தைகளை எழுப்பி மாடிப்படிக்குக் கொண்டுபோவதற்குள் முழங்கால். மழைத்தண்ணீர் இல்லை, கடல்.

இதைத்தான் சர்ஜ் என்கிறார்கள். காட்டகிரி என்ற எண் காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்லும். 111 மைலிலிருந்து 129 வரை 3, அதற்கு மேல் 156 வரை 4. தண்ணீர் எவ்வளவு உயரம் வரும், மழை எவ்வளவு கொட்டும் என்று அதில் ஒரு சொல்லும் கிடையாது. 4 என்பது 3 ஆகிவிட்டது என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள்.

கத்தரிப்பூ (1.40)

எங்கள் அபார்ட்மென்ட் நிர்வாகத்திலிருந்து இப்போதுதான் மெயில். பால்கனியில் இருப்பதை உள்ளே எடுங்கள், உங்கள் பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை, வாடகைத் தேதியில் மாற்றமில்லை. அவ்வளவுதான். எந்தக் கட்டடத்தில் தண்ணீர் ஏறும் என்று ஒரு வரி இல்லை. ஆபீஸிலோ, கரண்ட் இருக்கும்வரை லாகின் செய்யுங்கள், இல்லாவிட்டால் லீவு எழுதிக்கொடுங்கள் என்கிறார்கள்.

நெடுஞ்சாலை (1.58)

இன்சூரன்ஸும் அப்படித்தான். வாடகைக்கு இருப்பவர்களுக்கான ரெண்டர்ஸ் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருந்தேன். வெள்ளம் அதில் பொதுவாகச் சேராது என்று எல்லாம் நனைந்த பிறகுதான் தெரிந்தது. அரசாங்க வெள்ள இன்சூரன்ஸை இன்று எடுத்தால் 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் வரைபடத்தில் தெரிந்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு உதவாது.

கத்தரிப்பூ (2.06)

நம்மைப் போல ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஃபெமா (மத்திய அரசின் பேரிடர் துறை) பணமும் கிடையாது. வரி மட்டும் பிடிக்கிறார்கள்.

பே_ஓரம் (2.15)

அது பாதிதான் சரி. வீட்டில் இங்கே பிறந்த குழந்தை இருந்தால் அந்தக் குழந்தை பேரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அப்புறம், ஷெல்டருக்கு (புயல் முகாமுக்கு) போக விசா எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. கத்தரிப்பூ எழுதியதைப் படித்துவிட்டு யாரும் வாசலிலேயே தயங்கி நிற்க வேண்டாம்.

புதுவரவு (2.30)

எல்லோருக்கும் நன்றி. ஆனால் இருக்கச் சொல்கிறார்கள், போகச் சொல்கிறார்கள், எனக்குத் தலை சுற்றுகிறது. ஒர்லாண்டோ வரை ஹோட்டல் தேடிவிட்டேன், எங்கேயும் அறை இல்லை. அட்லாண்டாவுக்குப் பஸ் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இவள் அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்கிறாள்.

லேக்லேண்ட்_அக்கா (2.41)

தம்பி, ஏன் உட்கார முடியாது? பஸ் எதற்கு, கார் இல்லையா? எத்தனாவது மாடி? உங்கள் எவாக்குவேஷன் ஜோன் (வெளியேற்ற மண்டலம்) எது? இத்தனை பேர் பேசியும் இந்த நாலையும் யாரும் கேட்கவில்லை. ஃப்ளோரிடா அவசர மேலாண்மைத் துறையின் ‘நோ யுவர் ஜோன்’ வரைபடத்தில் முகவரியைப் போட்டால் எழுத்து வரும். இப்போதே பார்த்துச் சொல்லுங்கள். ஃபெமாவின் ஃப்ளட் ஜோன் வேறு, அது இன்சூரன்ஸுக்கு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

புதுவரவு (2.55)

மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் எழுதவில்லை. ஜோன் ஏ என்று வருகிறது. தரைத்தளம். பால்கனியிலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியும், அதற்காகத்தான் இந்த வீட்டை எடுத்தோம். கார் இன்னும் வாங்கவில்லை. மனைவிக்கு 34-வது வாரம்.

மணல்மேடு (3.02)

நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எங்கள் வீடு ஜோன் இ, இரண்டாம் மாடி. தரைத்தளம், ஏ என்றால் ஒரு நிமிடம்கூட யோசிக்காதீர்கள். கிளம்புங்கள்.

லேக்லேண்ட்_அக்கா (3.20)

சரி, இனி ‘போவதா’ என்ற கேள்வி இல்லை. ‘எப்படி’ என்பதுதான். ஏ என்றால் முதலில் வெளியேறச் சொல்லும் இடம், உத்தரவு இன்று மாலைக்குள் வந்தாலும் வரும். காத்திருக்க வேண்டாம்.

அட்லாண்டா வேண்டாம். இங்கே அதிகாரிகளே சொல்வது, தண்ணீரிடமிருந்து ஓடு, காற்றிலிருந்து ஒளிந்துகொள். நூற்றுக்கணக்கான மைல் போக வேண்டியதில்லை, சர்ஜ் எட்டாத உள்பக்கத்தில் உறுதியான கட்டடம் போதும். 34 வார வயிற்றோடு, எல்லோரும் ஒரே சாலையில் நகரும் நாளில், பஸ்ஸில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போகக் கூடாது.

எங்கள் வீடு லேக்லேண்டில், உங்களிடமிருந்து கிழக்கே 35 மைல். 1992 ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு 2002-ல் மாநிலம் முழுவதற்கும் கட்டட விதிகளைக் கடுமையாக்கினார்கள். அதற்குப் பின் கட்டிய வீடு, ஷட்டர் இருக்கிறது. கடல் இங்கே எட்டாது. காற்று வரும், மழை வரும், கரண்டும் போகலாம். ஒரு அறை காலியாக இருக்கிறது. என் கணவருக்கு டாம்பாவில்தான் வேலை, நாளைக் காலை உங்களை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். முன்பின் தெரியாதவர்கள் என்று தயங்குவீர்கள், நியாயம்தான். அவளை முதலில் என்னோடு பேசச் சொல்லுங்கள். தனிச்செய்தியில் எண் அனுப்பியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை என்றால் கவுன்டி ஷெல்டர். வெளியேற்றத்தின்போது டாம்பா இருக்கும் ஹில்ஸ்பரோ கவுன்டியில் ஷெல்டருக்கு இலவசப் பஸ் விடுவார்கள், கவுன்டி அறிவிப்பில் தடம் போட்டிருக்கும்.

அடுத்தது மருத்துவர். இன்று மாலை ஐந்துக்குள் போன் செய்யுங்கள். வலி வந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது, புயலன்று அது திறந்திருக்குமா என்று கேளுங்கள். கரையோர மருத்துவமனைகள் சில முன்கூட்டியே நோயாளிகளை மாற்றிவிட்டு மூடிவிடும். லேக்லேண்ட் வருகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள், கரண்டும் நெட்டும் இல்லாத இடத்தில் போனைக் காட்ட முடியாது. காற்று சுமார் 40 மைலைத் தாண்டி நிலைத்துவிட்டால் ஆம்புலன்ஸ் பெரும்பாலும் கிளம்பாது. அந்த நேரத்துக்குள் அவள் போக வேண்டிய இடத்தில் இருந்துவிட வேண்டும், முக்கியம் இதுதான்.

டேப் ஒட்டாதீர்கள், பயனில்லை. உடைந்தால் பெரிய பெரிய துண்டாக விழும். பலகை அடிப்பது வீட்டுக்காரர் வேலை. நீங்கள் தரையில் இருப்பதை மேலே ஏற்றுங்கள்: பெட்டி, செருப்பு, கம்ப்யூட்டர், கீழ் டிராயரில் இருக்கும் துணி. பாஸ்போர்ட், ஐ-797 (விசா அனுமதிக் கடிதம்), வாடகை ஒப்பந்தம், கல்யாணச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஜிப் கவர் இரண்டு போட்டு, கையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் வேண்டாம். ஒவ்வொரு அறையையும் அலமாரியைத் திறந்து வைத்துப் படம் எடுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர் கணக்கு. கடையில் பாட்டில் இல்லாவிட்டால் என்ன, வீட்டில் இருக்கும் பாத்திரத்தில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மூடிக் கொண்டுவாருங்கள்.

புதுவரவு (3.48)

அக்கா, இவள் உங்களோடு பேசிவிட்டாள். இப்போதுதான் அழுகை நின்றிருக்கிறது. நாளைக் காலை வருகிறோம். ஒன்று மட்டும் புரியவில்லை. புயல் பாதை வரைபடத்தில் போடும் கூம்பின் நடுக்கோடு இப்போது டாம்பாவுக்குத் தெற்கே போய்விட்டது. அப்படியானால் நமக்குக் குறையாதா?

பே_ஓரம் (4.10)

நல்ல கேள்வி, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். புயல் இங்கே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். மேற்கிலிருந்து வரும்போது புயலின் கண் (நடுமையம்) பேவுக்கு வடக்கே கரையேறினால், நமக்குக் காற்று கடலிலிருந்து அடிக்கும், தண்ணீரைப் பேவுக்குள் தள்ளிக்கொண்டு வரும். தெற்கே ஏறினால் காற்று தரையிலிருந்து அடித்துத் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். 2024 அக்டோபர் 9-ல் மில்டன் சரசோட்டா பக்கம் சியெஸ்டா கீயில் ஏறியதால் டாம்பா பே உள்வாங்கியது. சிறிது வடக்கே விலகியிருந்தால் கதையே வேறு. அதே மில்டன், சர்ஜ் இல்லாத செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது.

அந்தச் சிறிது தூரத்தைக் கடைசி நாள் வரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2004-ல் சார்லி டாம்பாவை நோக்கி வந்து, கரைக்குப் பக்கத்தில் திரும்பிப் புன்டா கோர்டா பக்கம் ஏறியது. கூம்பு என்பது கண் எங்கே போகலாம் என்பதற்கு மட்டும், அதுவும் மூன்றில் இரண்டு முறைதான் உள்ளே இருக்கும். பாதிப்பு கூம்புக்கு வெளியேயும் நிறைய வரும். கோட்டைப் பார்க்காதீர்கள். தேசிய ஹரிக்கேன் மையம் போடும் சர்ஜ் வரைபடத்தில் உங்கள் தெரு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முழு அறிவிப்பு காலை 5, 11, மாலை 5, இரவு 11. இடையில் வருகிற வீடியோக்களை மனைவியிடம் காட்ட வேண்டாம்.

ஹூஸ்டன்காரன் (4.22)

நான் என் கதையைச் சொல்லிக்கொண்டு போய்விட்டேன் தம்பி, மன்னிக்கவும். ஜெனரேட்டர் வாங்க வைத்த பணத்தில் இரண்டு பவர் பேங்கும் ஒரு பேட்டரி விசிறியும் வாங்குங்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு விசிறி கட்டாயம்.

புதுவரவு (செவ்வாய், பகல் 11.25)

லேக்லேண்ட் வந்துவிட்டோம். வழியில் எல்லா கேஸ் ஸ்டேஷனிலும் வரிசை. ஏ, பி இரண்டுக்கும் வெளியேறும் உத்தரவு நேற்று இரவே வந்துவிட்டது. மருத்துவர் இங்கே ஒரு மருத்துவமனையில் பேசி வைத்திருக்கிறார், வீட்டிலிருந்து 12 நிமிடம். இவள் தூங்குகிறாள். அக்கா குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பச் சொன்னார், நிரப்பிக்கொண்டிருக்கிறேன். திரும்பிப் போகும்போது என்ன பார்க்க வேண்டும்?

பே_ஓரம் (11.40)

உத்தரவை நீக்கிய பிறகு போங்கள், அதுவும் பகலில். அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். கதவில் தண்ணீர்க் கோடு இருந்தால், எதையும் தொடுமுன் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். தண்ணீர் நிற்கும்போது ஸ்விட்சில் கை வைக்காதீர்கள், பிரேக்கரை எலெக்ட்ரீஷியன் பார்க்கட்டும். ரப்பர் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. வீடு மாற வேண்டி வந்தால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குப் புது முகவரி தெரிவிக்க வேண்டும், ஏஆர்-11 படிவம், ஆன்லைனிலேயே போடலாம். இந்த அலைச்சலில் அது மறந்துவிடும், இப்போதே போனில் குறித்து வையுங்கள்.

புதுவரவு (11.44)

குறித்துவிட்டேன்.