பெயருக்கேற்ற தொழில்: ஒரு நல்ல தமிழ்ச்சொல் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பெயருக்கேற்ற தொழில் அமைந்தவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். 'போல்ட்' என்றால் மின்னல் வெட்டு. உசைன் போல்ட் 2009இல் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். எனக்கு ரொம்பப் பிடித்தது மார்கரெட் கோர்ட். டென்னிஸ் ஆடுகளமே 'கோர்ட்' தானே! ஆனால் அது 1967இல் மணமான பிறகு வந்த பெயர். மார்கரெட் ஸ்மித்தாக இருந்தபோதே அவர் விம்பிள்டன் சாம்பியன்.

இதை ஆங்கிலத்தில் 'நாமினேட்டிவ் டிடர்மினிசம்' என்கிறார்கள். 'காரணப் பெயர்' என்று எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. அங்கே காரணம் முன்னால், பெயர் பின்னால்; இங்கே பெயர்தான் முந்திக்கொள்கிறது.

பொருத்தமான சொல் தோன்றினால் சொல்லுங்கள். அப்புறம், எல்லோரும் அறிந்தவர்களில் தமிழ்ப் பெயர் உதாரணங்கள் இருந்தாலும் தாருங்கள். புனைபெயர், பட்டப்பெயர் வேண்டாம்.